ஐந்து ஊரா, ஒரு கரையா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் முதுகுப் பையோடு பதினைந்து நாள் தென்கிழக்காசியா போகலாம் என்றிருக்கிறோம். ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டி அக்டோபரில் கிளம்ப யோசனை. அவன் போட்ட திட்டம் இது: பாங்காக், சியாம் ரீப், சைகோன், ஹனோய், கடைசியில் பாலி. எனக்கு இத்தனை ஊர் வேண்டாம், கடல் வேண்டும். அவனுக்குக் கடலைவிட ஊர், கடைத்தெரு, பழைய கட்டடம் இவைதான் முக்கியம். போதாததற்கு அவன் முட்டைகூடத் தொடாத சைவம். விமான டிக்கெட் போக ஆளுக்கு 60,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஒன்றாகப் போய்ப் பேசாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருப்பதால் கொஞ்சம் பயமும் இருக்கிறது. அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

ஐந்து ஊர் என்றால் நடுவில் நான்கு விமானம். சில இடங்களில் பறப்பது ஒரு மணி நேரம்தான் என்றாலும் அறையைக் காலி செய்து, இரண்டு மணி நேரம் முன்னால் போய் நின்று, இறங்கி, நாடு மாறினால் குடிவரவு வரிசை முடித்து, புது சிம் போட்டு, புது நாணயம் மாற்றி, புது அறை தேடி உட்காரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பதினைந்தில் நான்கு பகல் இப்படியே போய்விடும். பையும் ஏழு கிலோவுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தண்டம்.

நான் சொல்வது ஒரே நாடு, ஒரே கரை. வியட்நாமில் ஹனோயிலிருந்து சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வரை 1,726 கிலோமீட்டருக்கு ஒற்றை மீட்டர்கேஜ் ரயில் பாதை பெரும்பாலும் கடற்கரைப் பக்கமாகவே தெற்கே இறங்குகிறது. நண்பர் கேட்கும் ஊர்களும் நீங்கள் கேட்கும் கடலும் அதே பாதையில் மாறி மாறி வருகின்றன. உங்கள் இருவரின் சண்டைக்கு இதைவிட நல்ல தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அக்டோபர் கூடாது. நமக்கு ஐப்பசி மழையைக் கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் நடு வியட்நாமிலும் அடிக்கிறது. தென்சீனக் கடலின் ஈரத்தோடு வரும் காற்றை கரையை ஒட்டியே நிற்கும் அன்னமைட் மலைத்தொடர் தடுப்பதால் ஹுவே, டா நாங், ஹோய் ஆன் பகுதியில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அதோடு புயலும் சேரும். 2020 அக்டோபரில் அடுத்தடுத்து வந்த புயல்களில் அந்தப் பகுதி வாரக்கணக்கில் வெள்ளத்தில் கிடந்தது. ஹோய் ஆன் பழைய நகரம் ஆற்றங்கரையிலேயே இருப்பதால் அங்கே தெருவில் படகு ஓடுவது அபூர்வமல்ல. “தென்கிழக்காசியாவின் சீசன் நவம்பர் முதல்” என்று பொதுவாகச் சொல்வதை நம்பித்தான் பலர் அங்கே போய் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மார்ச்சுக்குத் தள்ளிப்போடுங்கள். வடக்கில் லேசான தூறலும் குளிரும் இருக்கும், நடுவிலும் தெற்கிலும் வெயில். ஜனவரி கடைசிக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும் டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நம் தீபாவளி நெரிசல்தான் அது, ரயிலில் இடமே கிடைக்காது. விடுமுறை அக்டோபரில்தான் என்றால் ஹனோய், நின் பின், கட் பா தீவு என்று வடக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே அது நல்ல இலையுதிர் காலம். இல்லையேல் நேராக இந்தோனேசியாவின் பாலி, லொம்போக் தீவுகள்.

மார்ச் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஹனோயில் இறங்கி சைகோனிலிருந்து ஏறும்படி டிக்கெட் போடுங்கள். ஹனோய் இரண்டு இரவு, நின் பின் இரண்டு, இரவு ரயிலில் ஒன்று, ஹுவே இரண்டு, ஹோய் ஆன் மூன்று, குயி நோன் இரண்டு, மறுபடி ரயிலில் ஒன்று, சைகோன் ஒன்று. மொத்தம் 14 இரவு. நின் பின்னிலிருந்தே ஹுவேவுக்கு ரயில் ஏறலாம் என்பதால் ஹனோய்க்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஹுவே–டா நாங் துண்டை மட்டும் பகலில் போங்கள். சுமார் 100 கிலோமீட்டர், இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். லாங் கோ பக்கம் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல். அதற்குப் பிறகு ரயில் ஹை வான் மலையின் கடலோர விளிம்பைப் பிடித்து ஊர்ந்து போகும். ஜன்னலுக்கு நேர் கீழே காடு, அதன் கீழே ஆள் நடமாட்டமில்லாத மணல் துண்டுகள். வளைவுகளில் உங்கள் ரயிலின் முன்பெட்டிகளை நீங்களே பார்க்கலாம். பஸ்ஸில் போனால் இது எதுவும் கிடையாது. 2005-ல் திறந்த ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். உட்காரும் பெட்டியில் இடது ஜன்னல் கேளுங்கள். படுக்கைப் பெட்டியில் அறையின் ஜன்னல் மலைப் பக்கம் அமைந்துவிட்டால் எழுந்து நடைவழியில் நின்றுகொள்ள வேண்டியதுதான். 2024-லிருந்து இந்த இரு ஊருக்கும் இடையே மட்டும் ஓடும் சுற்றுலா ரயிலும் உண்டு. டா நாங் முட்டு ஸ்டேஷன். எஞ்சினைப் பின்பக்கம் மாற்றிக்கொண்டு வந்த திசையிலேயே வெளியேறும் என்பதால், நேராகத் தெற்கே போகிறவர்களுக்கு அங்கிருந்து இருக்கையும் கடலும் பக்கம் மாறிவிடும்.

ஹோய் ஆனுக்கு ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. டா நாங்கிலிருந்து 30 கிலோமீட்டர், இரண்டு பேருக்கு கிராப் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார் கட்டுப்படியாகும். குயி நோனுக்கு டியூ சி ஸ்டேஷனில் இறங்க வேண்டும், ஊர் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் பார்க்காமல் இறங்குகிறவர்கள் வாசலில் முழிப்பார்கள். குயி நோனை விடும்போது நேராக சைகோனுக்கு இரவு ரயில் ஏறாமல், காலையில் நா டிராங் வரை போங்கள். டை லான் பக்கம் தண்டவாளம் மறுபடி கடற்கரையை ஒட்டி வரும். நா டிராங்கில் போ நகர் என்ற பழைய கோயில் கோபுரங்களைப் பார்த்துவிட்டு அன்றிரவே சைகோன் ரயில் பிடிக்கலாம்.

படுக்கையில் நான்கு பேர் அறை மென்மெத்தை, ஆறு பேர் அறை கடினமெத்தை. ஆறில் மேல்தட்டு மலிவு, ஆனால் நிமிர்ந்து உட்கார முடியாது. கீழ்த்தட்டில் பகலெல்லாம் மற்றவர்கள் வந்து உட்காருவார்கள். நம்மூர் ஸ்லீப்பர் பழகியவர்களுக்கு இது புதிதல்ல, நான்கு பேர் அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பதே நிம்மதி. வியட்நாம் ரயில்வேயின் சொந்தத் தளத்தில் வெளிநாட்டு கார்டு அடிக்கடி மறுக்கப்படும். அப்படியானால் கமிஷன் வாங்கும் முகவர் தளங்களில் போடலாம், அல்லது ஹனோய் ஸ்டேஷன் கவுன்டரில் எல்லாத் துண்டுகளுக்கும் சேர்த்து வாங்கிவிடலாம்.

விசா ஆன்லைனில், ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர். அரசுத் தளத்தின் முகவரி ‘கவ்.விஎன்’ என்று முடியும். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் ஏஜென்ட் தளங்கள். நம் ஆட்களுக்குச் சிக்கல் இனிஷியலில்தான் வருகிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும், டிக்கெட்டில் வெறும் எழுத்தாக இருக்கும், விசாவில் மூன்றாவது விதமாக. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து வையுங்கள். பிழை என்றால் திருத்த வழியில்லை, மறுபடி பணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தேதியையும் பாருங்கள். விசா 8-ம் தேதி தொடங்கி, விமானம் 7-ம் தேதி இரவு பதினொன்றரைக்கு இறங்கினால் உள்ளே விடமாட்டார்கள். ஒருநாள் முன்பிருந்தே கேட்டுவிடுவது நல்லது. கோலாலம்பூர் வழியாகத் தனித்தனி டிக்கெட்டில் போனால் அங்கே குடிவரவு தாண்டி வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். அதற்கு மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பியிருக்க வேண்டும்.

காசு. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். முதல் நாள் எல்லோரும் தடுமாறும் இடம் 20,000 தாளும் 5,00,000 தாளும். இரண்டுமே நீலம், இருட்டில் டாக்ஸியில் ஒன்றுக்கு மற்றொன்று போய்விடும். ஹோய் ஆனின் கூரை போட்ட ஜப்பானியப் பாலம் இருப்பது 20,000. ஐந்து லட்சத்தைப் பர்ஸில் வேறு அறையில் வைத்துவிடுங்கள். நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டே இருக்கும், கிளம்பும் முன் செயலியில் திறந்துவிட வேண்டும். ஏடிஎம் “ரூபாயில் கழிக்கட்டுமா” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், அந்த விகிதம் எப்போதும் நஷ்டம். ஹனோய் விமான நிலையத்திலிருந்து 86-ம் எண் பஸ் பழைய நகரம் வழியாக ரயில் நிலையம் போகிறது. பகலில் இறங்கினால் டாக்ஸியே வேண்டாம்.

உங்கள் 60,000 தாராளம். இருவர் அறை நாளுக்கு நான்கிலிருந்து ஆறு லட்சம் டாங்குக்குள் சுத்தமாகவே கிடைக்கும். முன்பதிவில் ‘ட்வின்’ என்று பார்த்துப் போடுங்கள், ‘டபுள்’ என்றால் ஒரே கட்டில்.

நட்பு முறிவதைப் பற்றி. அது பெரும்பாலும் காசிலும் பசியிலும்தான் தொடங்குகிறது, கொள்கையில் அல்ல. மூன்று நாளுக்கு ஒருமுறை ஆளுக்கு 18 லட்சம் டாங் ஒரு பொதுப் பையில் போடுங்கள். அறை, உள்ளூர் வண்டி, சேர்ந்து சாப்பிடுவது இவை அதிலிருந்து. பீர், காபி, துணிமணி அவரவர் காசு. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள், ‘நேற்று நான் கொடுத்தேன்’ என்ற பேச்சே வராது. பணம் ஒருவர் கையில், டிக்கெட்டும் அறையும் மற்றவர் பொறுப்பு. ஒருவர் பொறுப்பில் மற்றவர் ஆலோசனை சொல்லலாம், கடைசி முடிவு பொறுப்பாளருடையது. இரண்டு பேரும் ஒரே வங்கி கார்டு வைத்திருக்காதீர்கள், ஒன்று முடங்கினால் இரண்டும் முடங்கும். ஹோய் ஆனில் ஒருநாள் பிரிந்துவிடுங்கள். அவர் விடியலில் மி சன் கோயில் தொகுதிக்குப் போகட்டும், 40 கிலோமீட்டர்தான். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் பத்ரேசுவரருக்குக் கோயில் எழுப்பிய, சாம்பா என்ற பழைய அரசின் பள்ளத்தாக்கு அது. 1969 அமெரிக்கக் குண்டுவீச்சில் முக்கியக் கோபுரம் சரிந்தது. பிற்பாடு நம் தொல்லியல் துறை அங்கே செய்த பணியின்போது, 2020-ல், ஒரே கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் வெளிப்பட்டது. பழைய கட்டடம் பிடித்தவர் அரைநாளில் திரும்பமாட்டார். நீங்கள் அதற்குள் ஆன் பாங் கடற்கரையில் இருக்கலாம். குவா டாய் வேண்டாம், அரிப்பில் மணல் நிறையப் போய்விட்டது.

சைவம் நினைப்பதைவிட எளிது, ஆனால் கடை பார்க்க வேண்டும். ‘சாய்’ என்று பலகை போட்ட கடைகள் பௌத்த சைவம். தட்டில் வருவது கோழித் துண்டு போலவே இருக்கும், பதறவேண்டாம், சோயா. சாதாரணக் கடையில் “இறைச்சி வேண்டாம்” என்றால் காய்கறி மேல் மீன் சாறு ஊற்றித் தருவார்கள், ஏமாற்றுவதற்கல்ல, அவர்களுக்கு அது உப்பு. ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பின் சாறு எலும்பில் காய்ச்சியது. “சைவம், மீன் சாறும் முட்டையும் கூடாது” என்பதை வியட்நாமியத்தில் மொழிபெயர்த்து போனில் படமாக வைத்துக் காட்டுங்கள். வாயால் சொன்னால் சுரம் தவறி வேறு அர்த்தமாகிவிடும். அமாவாசை, பௌர்ணமியில் அங்கே நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் அன்று கடைகள் கூடுதல். நம் தினசரிக் காலண்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் கணக்கில் மாதத்தின் பதினான்காம் இரவு ஹோய் ஆனில் விளக்கு விழா, பௌர்ணமிக்கு ஒட்டி வரும். அதற்கேற்ப நாள் அமைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய், ஆனால் அன்று கூட்டமும் அறை வாடகையும் கூடும். சைகோனில் ட்ரூங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, தமிழ் வணிகர்கள் கட்டியது. இப்போது அங்கே ஊதுபத்தி ஏற்றிச் சுவரில் நெற்றி வைத்து வேண்டுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

பை 40 லிட்டர் போதும். நான்கு நாள் துணி, வடக்குக்கு ஒரு ஸ்வெட்டர், மழைச் சட்டை. துவைக்க எல்லா ஊரிலும் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். டர்க்கி டவல் காயாது, ஈரிழைத் துண்டு எடுத்துப் போங்கள். நம் இரண்டு பின் சார்ஜர் அங்கே பொருந்தும், மூன்று பின் பொருந்தாது.

ஸ்கூட்டர்: ஓட்டாதீர்கள். இந்தியாவில் தரும் சர்வதேச பெர்மிட் 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படியானது, வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையுடையதை. கடைக்காரர் லைசென்ஸே கேட்காமல் வண்டி கொடுப்பார், அதனால் செல்லும் என்று அர்த்தமில்லை. விபத்தானால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் கணக்கு, பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். ஊருக்குள் கிராப் பைக் இருக்கிறது. ஹை வான் சாலை வழியாகவும் போக ஆசை என்றால் ஹுவேவில் ‘ஈஸி ரைடர்’ என்று உள்ளூர்க்காரர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து போகலாம், பையையும் அவர்களே கட்டிக்கொள்வார்கள். ஹெல்மெட் தலையில் ஆடாமல் நிற்கிறதா, தாடைப் பட்டை பூட்டுகிறதா என்று பார்த்து ஏறுங்கள். யார் கேட்டாலும் பாஸ்போர்ட்டை அடமானமாக மட்டும் கொடுக்காதீர்கள், நகல் அல்லது ரொக்க முன்பணம் போதும்.