எத்தனை விட்டம்?

அன்புள்ள ஐயா,

பள்ளித் தாழ்வாரச் சுவரில் நானும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து சூரியக் குடும்பம் வரைந்தோம். படம் இணைத்திருக்கிறேன். சுவர் 20 மீட்டர் நீளம். சூரியன் இரண்டு மீட்டர் உயரம். அதன் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி பூமி, 20 செ.மீ. அகலத்தில். "செவ்வாய் இவ்வளவு பக்கத்தில் இருக்கே, போக ஏன் ஏழு மாசம்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

படத்தின் கீழே என்ன அளவுகோல் எழுதலாம்? தூரங்களை மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா? ஒளியாண்டைப் பிள்ளைகள் காலம் என்றே நினைக்கிறார்கள், எப்படிப் புரியவைப்பது? உண்மையான தூரத்தைக் காட்டப் போனால் சுவர் முழுக்க வெறுமையாகத்தான் இருக்கும், பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்றும் தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

படம் பார்த்தேன். சனியின் வளையத்துக்குள் இருக்கும் கரிய இடைவெளியைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார்கள். வரைந்த பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். படத்தை அழிக்க வேண்டாம். ஆனால் அதன் கீழே அளவுகோல் எதையும் எழுதாதீர்கள். சூரியனுக்கு ஒரு அளவு, கோள்களுக்கு ஒரு அளவு, இடைவெளிக்கு இன்னொரு அளவு என்று மூன்று அதில் கலந்து கிடக்கின்றன. "இப்படத்தில் உருவமும் தூரமும் உண்மை அளவில் இல்லை" என்று எல்லாருக்கும் தெரியும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.

ஒளியாண்டுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை. ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "பஸ்ஸில் இரண்டு மணி நேரம்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு, ஒளி ஓராண்டில் போகும் தூரம் என்பது புரியாமல் போகாது. சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். அவ்வளவுதான் விஷயம்.

மனப்பாடத்துக்கு வழி கேட்கிறீர்கள். சொல்லித் தர மாட்டேன். சூரியன் 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று ஒப்பிக்கும் பிள்ளையிடம், அது 1 கோடியே 49 லட்சம் என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் தலையாட்டும். பத்து மடங்கு தவறு உறைக்கவில்லை என்றால் அந்த எண்ணால் என்ன பயன்?

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. வெறுமையைக் காட்டினால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று யார் சொன்னது? அந்த வெறுமைதான் பாடம். அதை மறைத்துவிட்டுக் கோள்களை மட்டும் வண்ணமாகக் காட்டியதால்தான் அந்தச் சிறுமிக்கு நீங்கள் பதில் சொல்ல முடியாமல் போனது. அவள் சரியாகத்தான் கேட்டாள். தப்பு படத்தில் இருக்கிறது.

இனி தொலைவைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள். ஒரு பொருள் தன் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி இருக்கிறது என்று கேளுங்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதைத்தான், இங்கேயும் சொல்கிறேன்.

நிலவிலிருந்து தொடங்குங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள பூமி உருண்டை ஒன்று வகுப்பில் இருக்கும். நிலவுக்கு 8 செ.மீ. பந்து வேண்டும். அதை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, நிலவு இருக்க வேண்டிய இடத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ளேயே நின்றுவிடுவார்கள். புத்தகப் படங்கள் கண்ணை அப்படிப் பழக்கியிருக்கின்றன. உண்மையில் நிலவு 30 பூமி விட்டம் தள்ளி இருக்கிறது. உருண்டையின் கணக்கில் 9 மீட்டர், அநேகமாக வகுப்பறைக்கு வெளியே. மனிதர்கள் தங்கியிருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் அதே உருண்டையின் மேற்பரப்பிலிருந்து 1 செ.மீ. உயரத்தில்கூட இல்லை. இரண்டையும் "விண்வெளி" என்று ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம்.

மற்ற ஏழு கோள்களையும் பூமிக்கும் நிலவுக்கும் நடுவே வரிசையாக அடுக்கிவிடலாம் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அதைச் சொல்வதானால் கவனமாகச் சொல்லுங்கள். ஏழின் விட்டங்களையும் கூட்டினால் சுமார் 3,80,000 கி.மீ. வரும். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ.தான், ஆனால் அது மையத்திலிருந்து மையத்துக்கு. இரண்டின் ஆரங்களையும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 3,76,000. இடம் போதாது. நிலவு தன் பாதையில் தொலைவான பகுதிக்குப் போகும்போது மட்டும்தான் அடுக்க முடியும்.

அடுத்தது சூரியன். அது தன் விட்டத்தைப் போல 107 மடங்கு தள்ளி இருக்கிறது. நிலவு தன் விட்டத்தைப் போல 110 மடங்கு. இரண்டு எண்களும் நெருங்கியிருப்பதால்தான் இரண்டும் வானத்தில் ஒரே அளவாகத் தெரிகின்றன, அரை பாகை. முழுச் சூரிய கிரகணத்தில் நிலவு சூரியனைக் கச்சிதமாக மறைப்பதும் அதனால்தான்.

உங்கள் மாதிரி சரியா தப்பா என்று கண்டுபிடிக்க இதிலேயே ஒரு சோதனை இருக்கிறது. மாதிரியில் பூமி இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துச் சூரியனைப் பாருங்கள். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் ஒரு பாகை. மாதிரிச் சூரியன் அதில் பாதிதான் இருக்க வேண்டும். உங்கள் சுவரில், பூமியின் இடத்திலிருந்து பார்த்தால் சூரியன் 60 பாகை அகலத்துக்கு நிற்கும். நிஜத்தைப் போல 100 மடங்குக்கும் அதிகம். இரண்டு மீட்டர் சூரியன்தான் வேண்டும் என்றால் பூமி 1.8 செ.மீ. உருண்டை, 215 மீட்டர் தள்ளி. நெப்டியூன் ஆறரைக் கிலோமீட்டருக்கு அப்பால்.

மைதானத்திலிருந்து தொடங்கிச் செய்யக்கூடிய அளவு ஒன்று சொல்கிறேன். ஒரு கோடி கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். உருவத்துக்கும் அதே அளவுதான், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். சூரியன் 13.9 செ.மீ. பந்து. கோள்களுக்கு உருண்டை தேடாதீர்கள், கிடைக்காது. வெள்ளை அட்டையில் கூரான பேனாவால் புள்ளி வைத்து, அட்டையைக் குச்சியில் செருகி நட்டுவிடுங்கள். புதன் 0.5 மி.மீ., 5.8 மீட்டரில். வெள்ளி 1.2 மி.மீ., 10.8 மீட்டரில். பூமி 1.3 மி.மீ., 15 மீட்டரில். அதே அட்டையில் 3.8 செ.மீ. தள்ளி நிலவு, பென்சில் முனையால் லேசாகத் தொட்ட புள்ளி. செவ்வாய் 0.7 மி.மீ., 22.8 மீட்டரில். இதற்குப் பிறகு நடை நீளும். வியாழன் 14 மி.மீ., 78 மீட்டரில். சனி 12 மி.மீ., 143 மீட்டரில். யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் 5 மி.மீ., முறையே 287 மீட்டரிலும் 450 மீட்டரிலும்.

30 மீட்டர் நாடா செவ்வாய் வரை போதும். பிறகு காலடியால் அளக்கலாம், ஐந்து சதவீதம் பிசகினால் ஒன்றும் கெட்டுவிடாது. பாதை வளைந்தால்தான் சிக்கல். வளைவோடு சேர்த்து அளந்தால் நெப்டியூன் சூரியனுக்கு நெருக்கமாக வந்துவிடும். வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரம் பார்த்து அட்டையை நடுங்கள். கோள்கள் எப்போதும் இப்படி வரிசையாக நிற்பதில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

சுவரிலேயே செய்ய வேண்டும் என்றால் சூரியன் 5.6 மி.மீ. புள்ளி, பூமி 60 செ.மீ. தள்ளி, நெப்டியூன் 18 மீட்டரில். பூமி 0.05 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று பெரிதாக்காதீர்கள். இடத்துக்கு ஒரு கோடு போட்டுப் பெயர் எழுதுங்கள். முதல் 5 சதவீத நீளத்துக்குள்ளேயே நான்கு கோள்கள் நெருங்கி நிற்பதும், மற்ற நான்கும் மிச்ச நீளம் முழுவதும் விரவிக் கிடப்பதும் அப்போதுதான் தெரியும்.

செவ்வாய் கேள்விக்கு அந்த அட்டைகளுக்கு நடுவே நின்று பதில் சொல்லுங்கள். 2020 அக்டோபரில் பூமியும் செவ்வாயும் நெருங்கியபோது இடைவெளி 6.2 கோடி கி.மீ., அதாவது 6.2 மீட்டர். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் கிளம்பி 2021 பிப்ரவரியில் போய் இறங்கிய பெர்சிவரன்ஸ் விண்கலம் கடந்தது 47 கோடி கி.மீ. உங்கள் மைதானத்தில் 47 மீட்டர். இரண்டு கோள்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எரிபொருள் கட்டுப்படியாக வேண்டும் என்றால் விண்கலம் சூரியனைச் சுற்றி வளைந்து போய், செவ்வாய் வந்து சேரப்போகும் இடத்துக்குத்தான் போயாக வேண்டும். அவளையே 47 மீட்டர் வளைந்து நடக்கவிடுங்கள். ஒளியையும் அங்கேயே காட்டலாம். இந்த அளவில் அது நொடிக்கு 3 செ.மீ. ஒரு பிள்ளை சூரியப் பந்திலிருந்து விரலை அந்த வேகத்தில் நகர்த்திக்கொண்டே வந்தால் பூமி அட்டையைத் தொட எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நெப்டியூனுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல்.

சூரியனுக்கு அடுத்த விண்மீன் எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். பிராக்சிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு. இந்த அளவில் 4,000 கிலோமீட்டர். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது உங்கள் பந்திலிருந்து சுமார் இரண்டரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. ஆண்டுக்கு 54 மீட்டர் நகர்கிறது. விட்டக் கணக்கில் சொன்னால் பிராக்சிமா கிட்டத்தட்ட 2 கோடியே 90 லட்சம் சூரியன் தள்ளி இருக்கிறது.

இதற்குப் பிறகு விண்மீன் மண்டலங்களுக்கு, அதாவது கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த திரள்களுக்கு, போனால் கணக்கு தலைகீழாகிவிடும். நம் சூரியன் இருக்கும் மண்டலமான பால்வெளியின் விட்டம் சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. இன்னொரு மண்டலமான ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில். வெறும் 25 விட்டம்! நிலவுக்கும் நமக்கும் உள்ள விகிதத்தைவிடக் குறைவு. விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதும், அப்படி மோதும்போது உள்ளே இருக்கும் விண்மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று முட்டாமல் விலகிப் போவதும் இந்த இரண்டு விகிதங்களால்தான். கிலோமீட்டரில் எழுதினால் இரண்டுமே நீளமான எண்கள், ஒன்றும் தெரியாது.

பால்வெளிக்கு 10 செ.மீ. அட்டை வட்டம், இரண்டரை மீட்டர் தள்ளி ஆண்ட்ரோமெடாவுக்கு அதைவிடப் பெரிய வட்டம். இதற்குத் தாழ்வாரமே போதும். சூரியனும் பிராக்சிமாவும் அந்த முதல் வட்டத்துக்குள் 0.004 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும், ஒரே புள்ளியாகத்தான் வைக்க முடியும். இந்த வட்டங்களைக் கோள்கள் வரைந்த சுவரில் மட்டும் ஒட்டாதீர்கள். எதிர்ச்சுவரில் ஒட்டி, அளவுகோலைத் தனியாக எழுதுங்கள்: 10 செ.மீ. = ஒரு லட்சம் ஒளியாண்டு.