உருட்ட உருட்ட வரும் தரவு எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பார்ப்பது?

பக்கத்தைக் கீழே உருட்டினால் புதுப் பதிவுகள் வருகின்றன, ஆனால் பக்கத்தின் மூல நிரலில் அவை இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றை ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) பின்னணியில் சர்வரிடம் தனியாகக் கேட்டு வாங்குகிறது.

எஃப்12 அழுத்தி உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து 'நெட்வொர்க்' பகுதிக்குப் போங்கள். (குரோமில் உள்ள பெயர்களைச் சொல்கிறேன், ஃபயர்பாக்ஸில் சற்றே மாறும்.) கருவியைத் திறந்த பிறகு நடப்பதைத்தான் அது பதிவுசெய்யும் என்பதால் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். படம், எழுத்துரு, விளம்பரம் என்று வரிகள் வந்து குவியும். மிரள வேண்டாம். வடிகட்டியில் 'ஃபெட்ச்/எக்ஸ்எச்ஆர்' (ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பும் கோரிக்கைகள்) தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தரவுக் கோரிக்கைகள் மட்டும் மிஞ்சும். இப்போது உருட்டுங்கள்; புதிதாக முளைக்கும் வரிதான் நீங்கள் தேடுவது.

அதைச் சொடுக்கினால் 'ஹெடர்ஸ்' பகுதியில் முகவரியும் நிலைக் குறியீடும், 'பேலோட்' பகுதியில் அனுப்பியதும், 'ரெஸ்பான்ஸ்' பகுதியில் வந்ததும் தெரியும். வந்தது அநேகமாக ஜேசனாக (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) இருக்கும். அனுப்பியதில் பக்க எண் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் விஷயம் பிடிபட்டுவிடும். நிலைக் குறியீடு 401 என்றால் உள்நுழைவுச் சிக்கல், 500 என்றால் சர்வரிலேயே கோளாறு.

வேறு பக்கத்துக்குத் தாவும்போது பட்டியல் அழிந்துவிடும். 'பிரிசர்வ் லாக்' பெட்டியை முதலிலேயே டிக் செய்யுங்கள். அப்புறம், நேரடி அரட்டை போன்றவை பெரும்பாலும் வெப்சாக்கெட்டில் (சர்வருடன் திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) ஓடும். ஒரே வரியாகத் தெரிந்தாலும் அதன் 'மெசேஜஸ்' பகுதியில் எல்லாம் இருக்கும்.

கோரிக்கையை 'காப்பி ஆஸ் கர்ல்' மூலம் ஒரு கட்டளையாக நகலெடுத்து யாருக்கும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அதில் உங்கள் குக்கியும் (நீங்கள் உள்நுழைந்திருப்பதை சர்வருக்குக் காட்டும் அடையாளத் தரவு) சேர்ந்து போகலாம்; கிடைத்தவர் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடக்கூடும்.