பட்டாணிப் பேத்தைக்கு ஏற்ற துணை எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் 2 அடி தொட்டியில் கப்பி மீன்களை வளர்த்து வந்தேன். அண்மையில் சிவாஜி நகர்க் கடை ஒன்றில் நான்கு பட்டாணிப் பஃபர் மீன்களை வாங்கி அவற்றுடன் விட்டேன். ஒரே வாரத்தில் ஆண் கப்பிகளின் வால்கள் குதறப்பட்டுவிட்டன. பஃபருடன் எந்த மீனைச் சேர்க்கலாம்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் கப்பிகளை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், தண்ணீர் சுத்தமாக இருந்தால் வால் மீண்டும் வளரும். நம் கடலோர மக்கள் பேத்தை என்று அழைக்கும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பட்டாணிப் பஃபர், 3.5 செ.மீ.க்கு மேல் வளராது என்றாலும், நத்தை ஓட்டை நொறுக்கவல்ல அலகு போன்ற பற்களை உடையது. அதன் கண்கள் தனித்தனியே சுழல்வதைக் கவனித்திருப்பீர்கள். நத்தையைக் கண்டதும் அசையாமல் நின்று, உடலைச் சற்றே சாய்த்துப் பார்த்து, ஓட்டிலிருந்து தசை வெளியே நீண்டதும் சட்டென்று கவ்வும். அசைந்தாடும் நீண்ட வாலையும் அது விட்டுவைக்காது. எனவே கப்பி, பீட்டா, ஏஞ்சல் ஆகிய மூன்று மீன்களும் வேண்டவே வேண்டாம்.

வேகமாக நீந்தும் டேனியோ மீன்கள் தப்பித்துக்கொள்ளும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அவை தப்பிக்கலாம், ஆனால் நிதானமாக நோட்டம் பார்த்து உண்ணும் பேத்தைக்கு, நீங்கள் இடும் உறைந்த இரத்தப்புழு எட்டுவதற்குள் அவை தின்று தீர்த்துவிடும். உலர்ந்த குருணைத் தீனியைப் பேத்தை பெரும்பாலும் தொடாது என்பதால், இறுதியில் பட்டினி கிடப்பது அதுதான்.

இந்த மீனுக்கு அதன் இனமே நல்ல துணை என்பது என் உறுதியான கருத்து. வயிற்றின் நடுவே கருங்கோடு ஓடினால் அது ஆண். உங்கள் நான்கில் ஓர் ஆணும் மூன்று பெண்களும் இருந்தால் நிம்மதி. ஆண்கள் கூடினால் சண்டை ஓயாது. வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன் போன்ற செடிகளை நெருக்கமாக வளர்த்து, மரக்கட்டைகளையும் வைத்து, ஒன்றின் பார்வையில் மற்றொன்று எப்போதும் படாதவாறு செய்யுங்கள். வேற்றினமும் வேண்டும் என்று விரும்பினால், பாசி நன்கு படர்ந்த பழைய தொட்டியில் ஓட்டோசின்க்ளஸ் என்னும் பாசி தின்னும் சிறு மீன்கள் ஆறை விட்டுப் பார்க்கலாம். அப்போதும் கடி படுகிறதா என்று தினமும் கவனிக்க வேண்டும். செர்ரி இறாலை விட்டால், அதன் குஞ்சுகள் இரையாகிவிடும்.

பேத்தைக்குச் செதில் இல்லாததால் அமோனியாவும் மருந்துகளும் அதை எளிதில் தாக்கும். காவிரிக் குழாய்நீரில் உள்ள குளோரினை நீக்கியே ஊற்றுங்கள். வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பதால், பெங்களூரின் டிசம்பர் இரவுகளுக்கு ஹீட்டர் அவசியம். 1941-இல் அறிவியல் பெயர் பெற்ற இவ்வினம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரியது. அழியும் அபாயத்துக்கு உள்ளானவற்றின் பட்டியலிலும் இருக்கிறது. ஆற்றில் பிடித்ததைத் தவிர்த்து, தொட்டியில் பிறந்த குஞ்சுகளைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பச்சை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட பஃபரையும் இவற்றுடன் விடலாமா?
– வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: கூடாது. நன்னீர் மீன் என்று விற்கப்பட்டாலும், அது உவர்நீரில் வாழ்ந்து சுமார் 15 செ.மீ. வரை வளர்வது, பட்டாணிப் பேத்தையோ நன்னீரில் மட்டுமே வாழும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் ஒத்துவராது. அளவிலும் பெரிதான அது இவற்றைக் கடித்தே கொன்றுவிடும். அதற்கு உப்பின் அளவைச் சரிபார்க்கும் மானியுடன் தனித்தொட்டி வேண்டும். அந்த ஏற்பாடு இயலாது என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது.