மூன்றில் எதை விடுவது? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

உங்கள் சிறுகதைகளையும், தொலைக்காட்சி நாடகங்களுக்கு நீங்கள் எழுதுவதையும் தொடர்ந்து கவனித்து வருகிறேன். எனக்கு 25 வயது. பாலிடெக்னிக்கில் ஊடகம் படித்தேன், தேசிய சேவை முடிந்தது, இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் வீடியோ எடிட்டர். கல்யாணம், நிறுவன விருந்து, வேலையிடப் பாதுகாப்புப் பயிற்சி என்று எது வந்தாலும் எடிட் செய்கிறேன். சனி ஞாயிறுகளில் நண்பர்களின் பாடல்களுக்கு மியூசிக் வீடியோ எடுத்துத் தருகிறேன். அதில் ஒன்று நன்றாக ஓடியது. பாடிய நண்பருக்கு மேடை நிகழ்ச்சிகள் கிடைத்தன. எனக்கு, இதைவிடக் குறைந்த செலவில் எங்களுக்கும் ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கேட்டுத்தான் அழைப்புகள் வந்தன.

கதையும் எழுதுகிறேன், எல்லாம் பாதியில் நிற்கின்றன. என்றாவது ஒரு முழுநீளப் படம் எடுக்க வேண்டும். "மூணு படகுல கால் வைக்காதே, ஏதாவது ஒண்ணுல நில்லு" என்கிறார் அம்மா. மூன்றில் எதை விடுவது? இங்கே சிங்கப்பூரில் தமிழில் இதையெல்லாம் செய்து பிழைக்க முடியுமா? இல்லை, சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேர்ந்துவிடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஈசூன் வட்டாரத்திலிருந்து

அன்புள்ள தம்பி,

எதையும் விட வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது வேறு ஒன்று. இதுவரை நீங்கள் செய்து முடித்ததெல்லாம் பிறர் கேட்டுச் செய்தவை, பாதியில் நிற்பதெல்லாம் நீங்களாகத் தொடங்கியவை. கல்யாண வீடியோ முடிந்துவிடுகிறது, ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டில் தினமும் போன் செய்கிறார்கள். நண்பரின் பாட்டுக்கு வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிட்டது, அதனால் அதுவும் முடிகிறது. உங்கள் கதையை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள், இன்னும் பல வருடங்களுக்கு. படமா, எழுத்தா, மியூசிக் வீடியோவா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்களே தொடங்கி நீங்களே முடித்த ஒன்று கையில் இருக்கிறதா? அதுதான் இப்போதைக்குக் கேள்வி. மூன்றிலும் அதைச் செய்யலாம். ஆனால் யாருடைய பணமும் அனுமதியும் இல்லாமல் செய்ய முடிவது எழுத்து மட்டும்தான் என்பதால் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

பிழைப்பைப் பற்றி முதலில் பேசிவிடலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர், பள்ளிப் பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் சேர்த்து. இதில் டிக்கெட் விற்று ஒரு படத்துக்குப் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது நடக்கிற காரியமில்லை. இங்கே தமிழில் முழுநேரமாக இயங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு வசந்தம் தொலைக்காட்சிக்குச் செய்யும் நிகழ்ச்சிகள், மானியங்கள், விளம்பர வேலைகள், வகுப்பெடுப்பது எல்லாம் சேர்ந்துதான் சோறு போடுகின்றன. அதனால் எடிட்டர் வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். அம்மாவின் கவலை மாதச் சம்பளம் என்றால் அது நியாயமான கவலை, அந்தச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை நீங்கள் இரவில் என்ன எழுதுகிறீர்கள் என்று அவர் கேட்கப் போவதில்லை.

ஆனால் அந்த ஒரு லட்சத்தை மட்டும் நினைத்து மனம் தளரவும் வேண்டாம். கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதுக்குப் போட்டியிட்ட முதல் சிங்கப்பூர்ப் படம், 2008ல் எரிக் கூ இயக்கியது, தமிழில் பேசிய படம். இயக்கியவர் தமிழர்கூட இல்லை. சப்டைட்டில் என்று ஒன்று இருக்கிறவரை தமிழ்ப் படத்துக்குத் தமிழர் மட்டும்தான் பார்வையாளர் என்று யாரும் எல்லை போட முடியாது.

அப்புறம், மியூசிக் வீடியோ. பெரிய படத்துக்குப் போகும் வழியில் இருக்கிற சின்ன வேலை என்று பலர் அதை நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு படப்பிடிப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் வரைந்த கல் மேசை பக்கத்தில் ஒரு பெண் நின்று பாட வேண்டும். அவள் தலைமுடியும் துப்பட்டாவும் மெதுவாக அசைய வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்த வேண்டும். இதை எப்படிச் செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள், கேமரா விநாடிக்கு 24க்குப் பதில் 48 ஃபிரேம் எடுக்கும், பிறகு எடிட்டில் அதை 24ல் ஓட்டினால் உடம்பு மெதுவாகும், உதடு மட்டும் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். ஸ்பீக்கரிலிருந்து கீச்சுக் குரலில் பாட்டு பறக்கிறது, அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாகத் துரத்திப் பிடிக்கிறாள், முகத்தில் மட்டும் சோகம் கலையக்கூடாது. மூச்சு வாங்குகிறது. லிஃப்ட்டுக்குக் காத்திருந்த ஒரு சீனப் பாட்டி காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை நின்று பார்த்தார். அந்த இயக்குநர் எந்த இரண்டு வரிக்கு இதைச் செய்யப் போகிறோம் என்று முதல் நாளே தாளில் எழுதி வைத்திருந்தார், ஏன் அந்த இரண்டு வரிக்கு என்றும் எழுதியிருந்தார். அதனால் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்தது. ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அங்கே நின்று யோசித்திருந்தால் பத்தைத் தாண்டியிருக்கும், மேல் மாடியிலிருந்து ஆள் வந்திருப்பார்கள், வந்தால் நியாயம் அவர்கள் பக்கம். (நகர மன்றத்திடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். கேமராவோடு சும்மா போய் நின்றால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.)

ஒரு பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. அதே சொல், அதே மெட்டு. நம்மூர் மியூசிக் வீடியோக்களில் பெரும்பாலானவை என்ன செய்கின்றன? பல்லவி வரும்போதெல்லாம் பாடகரை வேறொரு இடத்தில் நிறுத்துகின்றன, முதலில் மரினா பே, அடுத்து தேக்கா, கடைசியில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. இடம் மாறுகிறது, வேறு எதுவும் மாறவில்லை. முதல் தடவை கேட்ட பல்லவி கடைசித் தடவை வரும்போது வேறு ஒரு பொருளில் காதில் விழ வேண்டும், அதற்குள் ஏதோ நடந்திருக்க வேண்டும். அது நடக்க வேண்டிய இடம் இடையிசை. அங்கே சொல் இல்லை, உதடு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை, பதினைந்து இருபது விநாடி முழுக்க இயக்குநருடையது. பலர் அந்த நேரத்தை ட்ரோன் காட்சிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். நீங்கள் அனுப்பிய இணைப்பையும் பார்த்தேன். வெட்டுகள் சுத்தமாக இருக்கின்றன, வெளிச்சம் அழகு. ஆனால் கடைசிப் பல்லவியைத் தூக்கி முதலில் வைத்தாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. அடுத்த பாட்டுக்குக் கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: பல்லவியை முதலில் கேட்பவருக்கு என்ன தெரியும், கடைசியில் கேட்பவருக்கு என்ன தெரியும். அந்தப் பக்கத்தை உங்களால் எழுத முடிந்தால் சிறுகதையும் எழுத முடியும், படமும் எடுக்க முடியும். மூன்றிலும் வேலை இதுதான்.

கதைக்கு வருவோம். எழுத விஷயம் இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் நம்பமாட்டேன். நாள் முழுக்க மனிதர்களின் முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற வேலை உங்களுக்கு. பாதுகாப்புப் பயிற்சி வீடியோவில் ஓர் ஊழியர் "முதலில் ஹெல்மெட் அணிய வேண்டும்" என்ற ஒரே வரியைத் தப்பும் தவறுமாகப் பலமுறை சொல்லிப் பார்த்திருப்பார், நீங்கள் சரியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் பெண்ணின் அப்பா சாப்பாட்டுக்காரரிடம் பணம் எண்ணிக் கொடுப்பது ஓரத்தில் பதிவாகியிருக்கும். அந்தக் காட்சித்துண்டு வாடிக்கையாளருடையது, அதைத் தொடாதீர்கள். ஆனால் பார்த்த கண் உங்களுடையது. இரண்டு பேர், ஒரு வீடு, ஒரு மாலை என்ற அளவில் எழுதுங்கள், அப்போதுதான் பின்னால் அதையே குறும்படமாக எடுக்கச் செலவு கையைக் கடிக்காது.

முடிப்பதற்குத் தேதி வேண்டும். தங்க முனை விருது என்ற எழுத்துப் போட்டி நான்கு மொழிகளிலும் நடக்கிறது, தமிழ்ச் சிறுகதைக்கும் கவிதைக்கும் அதில் இடம் உண்டு, கடைசித் தேதி வைத்துத்தான் வாங்குவார்கள். தமிழ் முரசு நாளிதழ் சிறுகதைகள் வெளியிடுகிறது. அங் மோ கியோ நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்துக்குப் போய் உட்காருங்கள், முதல் சில கூட்டங்களில் வாயைத் திறக்க வேண்டாம், மற்றவர்கள் ஒரு கதையை எந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், எங்கே விட்டுவிடுகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். இது எதுவும் சரிப்படவில்லை என்றால், பாதியில் நிற்கிற கதைகளில் மிகச் சிறியதை முடித்து எனக்கு அனுப்புங்கள். இந்த மாதக் கடைசிக்குள். நான் வரி வரியாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம், உங்கள் வயதில் இருப்பவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாதது. முன்பெல்லாம் ஒருவர் பணம் கொடுத்து ஒரு வீடியோவை எடுக்கச் சொன்னால் அதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவருக்குப் போய்விடும். பதிப்புரிமைச் சட்டம் 2021 இதை மாற்றிவிட்டது. 2021 நவம்பர் 21 முதல், எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, எடுத்தவருக்கே உரிமை. கவனம், இது சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்குப் பொருந்தாது, அலுவலகத்தில் எடிட் செய்வது நிறுவனத்துடையதுதான். வார இறுதியில் எடுப்பது உங்களுடையது, ஆனால் அதில் ஓடுகிற பாட்டு நண்பருடையது. ஒருவர் இல்லாமல் மற்றவர் அதை எங்கும் கொண்டுபோக முடியாது. எனவே நட்பாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் பதிவேற்றுவது, இயக்குநர் பெயர் எங்கே வரும், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, திரைப்பட விழாவுக்கு அனுப்பலாமா. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் எடுத்த வீடியோ ஒரு பெரிய நிகழ்ச்சியில் திரையிடப்பட்டது, அவர் பெயர் எங்கும் இல்லை, கேட்டபோது "யார் எடுத்ததென்றே எங்களுக்குத் தெரியாதே" என்றார்களாம். பாட்டு வரி நீங்கள் எழுதியிருந்தால் காம்பஸில் உறுப்பினராகுங்கள். 1987ல் தொடங்கிய அமைப்பு, பாட்டு பொதுவில் ஒலிக்கும்போது வர வேண்டிய ராயல்டியை வசூலித்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள்தான்.

குறைந்த செலவில் எடுத்துத் தரச் சொல்லி அழைப்பவர்களிடம் பாதிப் பணத்தை முன்பே வாங்கிவிடுங்கள், மீதி வந்த பிறகு இறுதிக் கோப்பு. கொடுக்காமல் இழுத்தடித்தால் 20,000 வெள்ளி வரையிலான தொகைக்குச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை. சொந்தமாகச் சம்பாதிப்பதில் செலவு போக ஆண்டுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நின்றால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்னை. உங்களைப் போன்ற பலர் இதைக் கேட்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல எனக்கு மனமில்லை. உங்களுக்குச் சொல்வதென்றால், இப்போது வேண்டாம். உங்கள் கையில் இருப்பது சிங்கப்பூர்க் கடப்பிதழ், அங்கே வேலை செய்ய விசா வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அங்கே ஒரு உதவி இயக்குநர் வருடக்கணக்கில் இன்னொருவரின் படத்தை முடித்துக் கொடுக்கிறார். அதைத்தான் நீங்கள் ஏற்கனவே இங்கே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இங்கிருந்தே செய்தவர்களைப் பாருங்கள். இயக்குநர் கே. ராஜகோபால் 1995, 1996, 1997 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் குறும்படங்களுக்காக நடுவர்களின் சிறப்புப் பரிசு வாங்கியவர். அவருடைய முதல் முழுநீளப் படம் கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவுக்குப் போனது 2016ல். நடுவில் இருக்கும் வருடங்களை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, 25 வயதில் எதற்கும் நேரம் கடந்துவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பாடகர் ஷபீர் 2005ல் வசந்தம் ஸ்டார் பாட்டுப் போட்டியில் பட்டம் வென்றார். தமிழ்நாட்டில் பரவலாகக் கேட்கப்பட்ட படப் பாடல்களுக்கு அவர் இசையமைத்தது அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து. அதுவரை அவர் இங்கே பாட்டு எழுதிக்கொண்டும் இசையமைத்துக்கொண்டும்தான் இருந்தார்.

ஒரு குறும்படத்தை முடித்து, இன்னொரு முழுத் திரைக்கதையும் கையில் இருக்கும்போது, ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்துச் சென்னைக்குப் போய்வாருங்கள். படத்தைத் திரையிட்டுக் காட்டுங்கள், அங்கே உங்கள் வயதுக்காரர்கள் எழுதுவதைக் கேட்டுப் படியுங்கள், சந்திக்கிறவர்களிடம் வேலை கேட்காதீர்கள், திரைக்கதையைப் படித்துக் கருத்துச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே யாராவது உங்களோடு சேர்ந்து செய்யலாம் என்று கூப்பிட்டால், அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், விசாவிலிருந்து சம்பளம்வரை உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அக்கா