வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டேன், எஃப்.டி. வட்டியைக் காட்ட மறந்துவிட்டேன். இனி திருத்தலாமா? நோட்டீஸ் வருமா?

திருத்தலாம். பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சம்பளக்காரர், கேட்பது 2024-25 நிதியாண்டைப் பற்றி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதற்கு மதிப்பீட்டு ஆண்டு, அதாவது அந்த வருமானத்துக்கு வரி கணக்கிடும் அடுத்த ஆண்டு, 2025-26. பிரிவு 139(5)-ன்படி திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதற்குள் எத்தனை முறையும் திருத்தலாம், அபராதம் எதுவும் கிடையாது. முதல் கணக்கையே தாமதமாகப் போட்டவருக்கும் இந்த உரிமை உண்டு.

முதலில் வருமான வரித் துறைத் தளத்தில் ஏஐஎஸ் (உங்கள் ஆண்டு வருமான விவரப் பட்டியல்), 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரிப் பட்டியல்) இரண்டையும் இறக்கிப் பாருங்கள். ஒரு வட்டியை மறந்தவர் இன்னொன்றையும் மறந்திருப்பார். சேமிப்புக் கணக்கு வட்டியும் பழைய நிறுவனத்துச் சம்பளமும் அடிக்கடி விட்டுப்போகிறவை. ஏஐஎஸ்-ல் இல்லாத வருமானம் என்றாலும் காட்டத்தான் வேண்டும்.

பிறகு கணக்குப் போடுங்கள். வட்டி 62,000 ரூபாய், வங்கி 10% பிடித்தது 6,200, கையில் வந்தது 55,800 என்று வையுங்கள். பலர் அந்த 55,800-ஐ எழுதுகிறார்கள். தவறு. முழு 62,000-ஐயும் வருமானத்தில் காட்டி, 6,200-ஐ டிடிஎஸ் (முன்னரே பிடித்த வரி) பகுதியில் கழிக்க வேண்டும். புதிய வரி முறையில் 12 முதல் 15 லட்சத்துக்குள் வருகிறவருக்கு இந்த வட்டிக்கு 20% வரி 12,400, செஸ் 4% சேர்த்து 12,896. பிடித்தம் போக 6,696. சம்பளத்துக்கான வரியை நிறுவனம் சரியாகப் பிடித்திருந்தால் பாக்கி இது மட்டும்தான், பத்து ரூபாய்க்குச் சரிக்கட்டினால் 6,700. பாக்கி 10,000 ரூபாயைத் தொடாததால் முன்கூட்டி வரி கட்டாததற்கான 234பி, 234சி வட்டியும் சேராது.

இந்தத் தொகையை 'இ-பே டாக்ஸ்' வழியே முதலில் கட்டுங்கள், கணக்கு அப்புறம். 'செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ் (300)' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சறுக்குவது ஆண்டில்தான்: 2024-25 வருமானம்தானே என்று மதிப்பீட்டு ஆண்டையும் 2024-25 என்று போட்டுவிடுகிறார்கள். பணம் வேறு ஆண்டுக்குப் போய்விடும், இங்கே பாக்கி அப்படியே நிற்கும். அப்படி நடந்தால் 'சலான் கரெக்‌ஷன்' பகுதியில் மாற்றலாம், ஆனால் ஆண்டை மாற்றப் பணம் கட்டிய நாளிலிருந்து 7 நாள்தான் தருகிறார்கள். சலானில் (பணம் கட்டிய ரசீது) உள்ள பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளை எண்), தேதி, சலான் எண் மூன்றையும் குறித்துவையுங்கள்.

இனி 'இ-ஃபைல்', 'ஃபைல் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்'. தாக்கல் பிரிவில் 139(5) என்று மாற்றினால், முதல் கணக்கின் 15 இலக்க ஒப்புகை எண்ணையும் தாக்கல் தேதியையும் கேட்கும். திருத்திய கணக்கு முதல் கணக்கின் இடத்தில் உட்காரும். அதனால் சம்பளம், கழிவுகள், வங்கி விவரம் எல்லாம் மறுபடி முழுதாக இருக்க வேண்டும். வட்டியை மட்டும் எழுதி அனுப்பினால் சம்பளமே இல்லாத கணக்காகிவிடும்.

அனுப்பியதும் ஆதார் ஓடிபி போட்டு அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள். அவகாசம் 30 நாள். அதைத் தாண்டினால் சரிபார்த்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும். டிசம்பர் கடைசியில் அனுப்பி, பிப்ரவரியில் சரிபார்த்தால் திருத்தம் செல்லாது.

143(1) அறிவிப்பு (கணக்கைச் சரிபார்த்துத் துறை அனுப்பும் தகவல்) வந்துவிட்டது, இனி முடியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது மதிப்பீட்டு உத்தரவு இல்லை. அதற்குப் பிறகும் 139(5) உண்டு. அங்கே 'ரெக்டிஃபிகேஷன்' என்று ஒரு வசதி தெரியும், அதைத் தொடாதீர்கள். அது 154-ம் பிரிவு, பதிவில் பளிச்சென்று தெரியும் பிழைக்கு மட்டும். உதாரணமாக, நீங்கள் சரியாகக் காட்டிய டிடிஎஸ்ஸை அவர்கள் கணக்கில் எடுக்காமல் விட்டால். புதிய வருமானத்தை அதில் சேர்க்க முடியாது.

டிசம்பரைத் தவறவிட்டால் ஐடிஆர்-யு (கூடுதல் வரி கட்டிப் பிறகு புதுப்பிக்கும் கணக்கு) இருக்கிறது, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை. ஆனால் கூடுதல் வரி முதல் ஆண்டில் 25%, பிறகு 50, 60, 70 என்று ஏறும். மேலே சொன்ன 6,696-க்கு முதல் ஆண்டிலேயே 1,674 ரூபாய் அதிகம். ரீஃபண்ட் கேட்கவோ வரியைக் குறைக்கவோ அதைப் பயன்படுத்த முடியாது.

வியாபார வருமானம், பங்கு விற்பனை, வெளிநாட்டுச் சொத்து உள்ளவர்களுக்கு நான் சொன்னது அப்படியே பொருந்தாது. ஆடிட்டர்கள் அதைச் சொல்லி என்னைத் திருத்த வர வேண்டாம், கேள்வி எஃப்.டி. வட்டியைப் பற்றியது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஐந்நூறு ரூபாய்க்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன் என்கிற ஏஜெண்டுகள் பலர் உங்கள் பெயரில் தங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துவிடுகிறார்கள். கொடுக்காத நன்கொடை, கட்டாத காப்பீடு என்று எழுதி ரீஃபண்டை ஊதிப் பெருக்குகிறார்கள். விளக்கம் கேட்டு வரும் கடிதம் அவர்களுக்குப் போகும், பதில் சொல்ல வேண்டிய 30 நாள் உங்களுக்குத் தெரியாமலே கழியும், தவறான தகவல் என்று நிரூபணமானால் ஏய்த்த வரிக்கு 200% அபராதம் உங்கள் தலையில். எழுதப் படிக்கத் திணறும் தொழிலாளிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. திருத்த உட்காரும்போதே 'மை ப்ரொஃபைல்' போய், அங்கே இருக்கும் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.