பயிற்சி என்ற பெயரில் நைட் டியூட்டி

அன்பின் அக்கா,

நான் ஹட்டன் பக்கம். நர்சிங் படிப்பை முடித்துவிட்டு, கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஒரு வருடப் பயிற்சியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. மாதம் 32,000 ரூபாய் தருகிறார்கள். சம்பளம் என்று போடாமல் 'கொடுப்பனவு' என்று போட்டிருக்கிறார்கள், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. வெள்ளவத்தையில் மூன்று பேர் இருக்கிற அறைக்கு என் பங்கு 14,000. முதல் மூன்று வாரம் சீனியர் மிஸ் (மூத்த தாதி) ஒருவரோடு விட்டார்கள். பிறகு எல்லாரையும் போலத்தான் டியூட்டி. இரவில் 11 நோயாளிகள் என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவாக மூன்று லட்சம் கட்ட வேண்டும் என்று பொண்ட் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னால், "தொழில் பழகிற காலத்தில சம்பளக் கணக்குப் பார்க்காத மகள்" என்கிறார். நான் பேராசைப்படுகிறேனா?

எஸ்., வெள்ளவத்தை

அன்பின் எஸ்.,

இல்லை. இதில் பேராசை எங்கே இருக்கிறது? நாட்டின் தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். எந்தப் படிப்பும் கேட்காத வேலைக்கும் அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்ட எல்லை அது. வருடக்கணக்கில் படித்து, இரவில் 11 உயிர்களுக்குப் பொறுப்பாக நிற்கும் உங்களுக்கு அந்த எல்லைக்கு மேலே கிடைப்பது 2,000 ரூபாய். அறை வாடகை போனால் மிச்சம் 18,000. கொழும்பில் அதை வைத்துச் சாப்பிட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, வீட்டுக்கும் ஏதாவது அனுப்ப நினைக்கிற பெண்ணைப் பார்த்து யாரும் பேராசை என்று சொல்ல முடியாது.

உங்கள் அப்பா சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் பார்த்த உலகத்தில் அது நியாயமான பேச்சு. தையற்கடையில் பழக வருகிற பையன் துணியைக் கெடுப்பான், முதலாளி பொறுத்துக்கொள்வார், சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அவன் ஒருநாள் வராவிட்டாலும் கடை வழமைபோல நடக்கும். நீங்கள் இன்றிரவு வராவிட்டால் அந்த 11 பேரை யார் பார்ப்பது? இன்சார்ஜ் மிஸ் பதறிக்கொண்டு வேறு யாரையாவது டபுள் டியூட்டிக்குக் கூப்பிடுவார். டியூட்டி ரோஸ்டரில் உங்களை ஓர் ஆளாகக் கணக்கு வைத்துத்தான் அந்த வார்ட் ஓடுகிறது. அந்தக் கணக்கில் சேர்க்கும்வரைதான் நீங்கள் பழக வந்தவர்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1923இல் ஜோசஃபின் கோல்ட்மார்க்கின் ஆய்வறிக்கை இதைத்தான் சுட்டிக்காட்டியது: மருத்துவமனைகள் நடத்திய தாதியர் பள்ளிகளில் வார்ட் வேலை முன்னுக்கு வந்து கல்வி பின்னுக்குப் போயிருந்தது. பிரித்தானியாவில் மாணவத் தாதியரை வார்ட்டின் ஆட்கணக்கில் சேர்க்காமல், மேலதிகமாக நிற்பவர்களாக வைக்கும் முறை 1989இல்தான் தொடங்கியது. அவர்கள் மாணவர்கள், நீங்கள் படித்து முடித்தவர். இருந்தாலும் பயிற்சி என்று ஒன்றைச் சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: கற்றுக்கொடுக்கிறார்களா, ஆட்கணக்கில் வேலை வாங்குகிறார்களா?

மருத்துவமனைக்குச் செலவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. புதிதாக வந்தவருக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் நிற்க வேண்டும், அவருடைய நேரத்துக்கும் விலை உண்டு. உங்கள் முதல் மூன்று வாரத்துக்கு அந்த நியாயம் பொருந்தும். மிச்சம் இருக்கிற மாதங்களுக்கு அதே நியாயத்தை எப்படி இழுக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம் தருகிறது. கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், கற்கிறவருக்குரிய சம்பளத்தை மட்டும் தொடர்கிறார்கள்.

நோயாளிகளின் பக்கத்தையும் பாருங்கள். தாதியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. அங்கே பார்த்தது எண்ணிக்கையை. இங்கே அதோடு களைப்பும் சேர்கிறது. நைட் முடிந்து, குளித்துவிட்டு, தெஹிவளையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு வீட்டில் படுக்கையில் இருக்கும் முதியவரைப் பார்க்கப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு சம்பளம் போதாமல்தான் போகிறார்கள். அன்றிரவு மறுபடி வார்ட்டில் இன்சுலின் அளவு பார்ப்பதும் அதே கண்கள்தான். காசு கட்டிப் படுத்திருக்கும் நோயாளிக்கு இது தெரிந்தால், உங்கள் சம்பளத்துக்காக அவரே வாதாடுவார்.

பொண்ட் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று லட்சம் என்பது உங்கள் ஒன்பது மாத வருமானத்தைவிடக் கூட. பழக்கிவிட்ட பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போய்விடுகிறார்கள் என்று நிர்வாகங்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் 32,000 ரூபாயில் இருக்கிறவரைப் பயமுறுத்தி நிறுத்துவதைவிட, வாழக்கூடிய சம்பளம் கொடுத்து நிறுத்தலாம். கலிபோர்னியா மாநிலம் 2020இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: மருத்துவமனை தன் தாதியருக்குக் கட்டாயமாக்கும் பயிற்சியின் செலவை மருத்துவமனையே ஏற்க வேண்டும். நம்முடைய சட்டவாக்கத்தில் இருப்பவர்களும் அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. முதலில் ஈபிஎஃப். பயிலுநர் என்றால் சேமலாப நிதி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிரந்தரமோ தற்காலிகமோ பயிலுநரோ, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அது உரியது. முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈடிஎஃப்) இன்னும் 3 வீதம். உங்கள் கணக்கில் இது மாதம் 4,800 ரூபாய். ஏழு மாதத்துக்கு 33,600. ஒரு மாதக் கொடுப்பனவைவிடக் கூடுதலான தொகை உங்கள் பெயரில் சேராமல் போயிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் பயிலுநர் ஒப்பந்தத்தில் வேலை செய்பவரைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. நாரஹேன்பிட்டவில் தொழில் திணைக்களம் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். உங்களோடு சேர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் கேட்டால் அவருக்கு அடுத்த மாதம் முழுக்க நைட் போடுவார்கள். எட்டுப் பேர் கேட்டால் அது கஷ்டம்.

போகும்போது பயிற்சிக்குச் சேர்த்த கடிதம், பொண்ட், கொடுப்பனவுத் தாள் எல்லாவற்றின் பிரதியும் கையில் இருக்கட்டும். நீங்கள் செய்த டியூட்டிகளைத் திகதி வாரியாக ஒரு கொப்பியில் எழுதிவைத்திருங்கள். நோயாளிகளின் பெயரோ விபரமோ அதில் ஒருபோதும் வரக்கூடாது. மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள், பிரதி போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.

வேலையை விடுவதா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. கோபத்தில் நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சேவைச் சான்றிதழ் உங்களுக்குத் தேவைப்படும். பொண்டை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் விலகவும் வேண்டாம். அவர்கள் எழுதிய தொகை முழுவதையும் நீங்கள் கட்டத்தான் வேண்டுமா என்பதை அதைப் படித்துப் பார்த்த ஒருவர்தான் சொல்ல முடியும். காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் 1978இல் அதை அமைத்தார்கள். பொண்டின் பிரதியை, உங்கள் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் மறைத்துவிட்டு எனக்கும் அனுப்புங்கள். தொழில் வழக்குகள் பார்க்கிற ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா