வட்டமும் செவ்வகமும் ஒரே அரேயில்: பரப்பளவு ஏன் 0?

கேள்வி: சி++ இல் ‘ஷேப்’ என்ற பேஸ் கிளாஸிலிருந்து ‘சர்க்கிள்’, ‘ரெக்டாங்கிள்’ என்று இரண்டு கிளாஸ் எழுதியிருக்கிறேன். இரண்டின் ஆப்ஜெக்ட்டுகளையும் ஒரு ஷேப் அரேயில் போட்டேன். கம்பைல் ஆகிறது; ஆனால் ஏரியா ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் 0 வருகிறது. விர்ச்சுவல் போட்டும் சரியாகவில்லை.

பதில்: ஃபங்ஷனில் பிழை இல்லை, அரேயில்தான் இருக்கிறது. அரேயின் எல்லா இடங்களும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். வழக்கமான 64 பிட் கம்பைலரில், விர்ச்சுவல் டேபிள் பாயிண்டர் (விர்ச்சுவல் ஃபங்ஷன்களின் பட்டியலைக் காட்டும் முகவரி) மட்டுமே உள்ள ஷேப்புக்கு 8 பைட். ஆரத்தை டபுளாக வைத்திருக்கும் சர்க்கிளுக்கு 16, நீளமும் அகலமும் உள்ள ரெக்டாங்கிளுக்கு 24. எட்டு பைட் இடத்தில் 24 பைட் அடங்காது. எனவே ஷேப் பகுதி மட்டும் காப்பி ஆகி, மீதி வெட்டுப்படுகிறது. இதை ஆப்ஜெக்ட் ஸ்லைசிங் என்பார்கள். அரேயில் இப்போது சர்க்கிளே இல்லை, ஷேப்தான் இருக்கிறது. அதன் ஏரியா 0 தருகிறது.

ஆப்ஜெக்ட்டுக்குப் பதில் பாயிண்டரை வையுங்கள். எந்த கிளாஸைக் காட்டினாலும் பாயிண்டர் 8 பைட்தான். வெறும் பாயிண்டர் வேண்டாம், டெலீட் செய்ய மறந்தால் மெமரி கசியும். ஷேப்புக்கான யூனிக் பாயிண்டர்களை (ஆப்ஜெக்ட்டைத் தானே டெலீட் செய்பவை) கொண்ட வெக்டர் ஒன்றை அறிவித்து, மேக் யூனிக் மூலம் (சி++14 முதல் உண்டு) ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் உருவாக்கி புஷ் பேக் செய்யுங்கள். சுருள் அடைப்புக்குள் மொத்தமாகக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. அந்த வழி காப்பி கேட்கும், யூனிக் பாயிண்டர் காப்பிக்கு இடம் தராது.

ஷேப்பின் டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) கட்டாயம் விர்ச்சுவலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேஸ் பாயிண்டர் வழியாக சர்க்கிளை அழிப்பது வரையறுக்கப்படாத நடத்தை. இன்று ஓடும், நாளை கவிழும். ஏரியாவை ‘= 0’ போட்டு ப்யூர் விர்ச்சுவல் ஆக்குவதையும் வலியுறுத்துவேன். அப்போது தனி ஷேப் ஆப்ஜெக்ட்டே உருவாக்க முடியாது, ஷேப் அரே எழுதினாலே கம்பைலர் தடுத்துவிடும். டிரைவ்டு கிளாஸ்களில் ஓவர்ரைடு என்று எழுதினால், கான்ஸ்ட் விட்டுப்போனதுகூடப் பிடிபடும்.

வகைகள் இரண்டு மூன்றுதான், இனி அதிகமாகாது என்றால் சி++17 இன் வேரியன்ட் (சொன்ன வகைகளில் ஏதாவது ஒன்றை வைத்திருக்கும் வகை) போதும். ஒவ்வொரு இடமும் பெரிய வகையின் அளவை எடுக்கும், அதற்கு மேல் வகைக்குறிப்புக்குச் சில பைட்.

இன்னொரு பொறி: ‘நியூ சர்க்கிள்[3]’ தரும் முகவரியை ஷேப் பாயிண்டரில் வாங்கி [1] என்று எடுக்காதீர்கள். அது 16 பைட் தள்ளுவதற்குப் பதில் 8 பைட் தள்ளி, முதல் வட்டத்தின் ஆரத்தையே ஆப்ஜெக்ட்டாகப் படிக்கும்.